வேலை செய்யும் நாய்க்கு எதை, எவ்வளவு, எப்போது கொடுப்பது: முழுமையான வழிகாட்டி

வேலை நாய் வைத்திருப்பவர்கள் சந்தித்துக்கொண்டால் பேச்சு சீக்கிரமே "எந்த தீனி போடுகிறீர்கள்?" என்பதில் வந்து நிற்கும். நானும் பல வருடம் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது என்னிடம் யாராவது அப்படிக் கேட்டால், நான் திருப்பி மூன்று விஷயம் கேட்கிறேன். நேற்று உங்கள் நாய் எத்தனை மணி நேரம் வேலை செய்தது? அதன் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா? வேலைக்குக் கிளம்புவதற்கு எத்தனை மணி நேரம் முன்பு சாப்பிட்டது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாக்கெட்டைத் தேர்ந்தெடுப்பது சுலபம். தெரியாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த பாக்கெட் வாங்கினாலும் குருட்டாம்போக்குதான். அதனால் இந்த வழிகாட்டி நாயிடமிருந்து தொடங்குகிறது. பாக்கெட் நான்காவது படியில்தான் வரும்.

படி 1: நாய் செய்யும் வேலையைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

"வேலை நாய்" என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத உழைப்புகள் இருக்கின்றன. வாசலில் காவல் இருக்கும் நாய் நாளின் பெரும்பகுதியைப் படுத்தும் உட்கார்ந்தும் கழிக்கிறது. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் நிதானமாக நடக்கிறது. மோப்ப நாய் கொஞ்ச நேரம் மும்முரமாகத் தேடும், அப்புறம் வண்டியில் படுத்து ஓய்வெடுக்கும், மறுபடி இறங்கித் தேடும். மந்தை மேய்க்கும் பார்டர் கோலி மணிக்கணக்கில் ஓடுவதும் நிற்பதும் திரும்ப ஓடுவதுமாக இருக்கும். பந்தயக் கிரேஹவுண்டின் ஓட்டம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னொரு கோடியில், அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிடராட் பந்தயத்தின் பனிவண்டி நாய்கள் சுமார் 1,600 கிலோமீட்டரை நாள்கணக்கில் இழுத்துக் கடக்கின்றன. இருபது, இருபத்தைந்து கிலோ எடையுள்ள அந்த நாய் ஒவ்வொன்றும் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கலோரி செலவழிக்கிறது. (இந்தக் கட்டுரையில் கலோரி என்பதெல்லாம் கிலோகலோரி. பாக்கெட்டிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கும்.)

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எவ்வளவு சாப்பாடு என்பது மட்டுமல்ல, எந்த வகைச் சாப்பாடு என்பதும் இதை வைத்துத்தான் முடிவாகிறது. அரை நிமிட வேக ஓட்டத்துக்குத் தசையில் சேமித்து வைத்த கிளைகோஜன்தான் எரிபொருள். அது முக்கியமாக மாவுச்சத்திலிருந்து வருகிறது. நீண்ட நேரம் மிதமான வேகத்தில் உழைக்கும்போது நாயின் உடல் கொழுப்பைத்தான் அதிகம் எரிக்கிறது. இந்த விஷயத்தில் நாய் மனிதனைவிடப் பல மடங்கு கெட்டி. மாரத்தான் ஓடுபவர் முந்தைய நாள் மாவுச்சத்தாக அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்து, தேடுதல் பணிக்குப் போகும் நாய்க்கும் அப்படியே தானியத்தைக் கொட்டுவது தவறு. அதன் உடம்பு வேறு கணக்கில் ஓடுகிறது.

ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள். வண்டியில் காத்திருந்த நேரத்தை வேலை நேரத்தோடு சேர்க்காமல், நாய் உண்மையில் அசைந்த நிமிடங்களை மட்டும் எழுதுங்கள். "நாள் முழுக்க டியூட்டி" என்று நாம் நினைத்திருந்தது பெரும்பாலும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். எனக்கு முதல் முறை எழுதிப் பார்த்தபோது அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

படி 2: கையால் தொட்டுப் பாருங்கள்

தராசு எடையைச் சொல்லும். அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதை உங்கள் விரல்தான் சொல்ல வேண்டும். நாயை நேராக நிற்க வைத்து, பின்னாலிருந்து இரண்டு உள்ளங்கைகளையும் விலாவின் மேல் தட்டையாக வையுங்கள். அழுத்தாமல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அப்புறம் உங்கள் சொந்தக் கையோடு ஒப்பிடுங்கள். கையை விரித்து நீட்டி, புறங்கையில் விரல் எலும்புகளைத் தடவினால் எப்படி மெல்லிய தோலுக்கு அடியில் தெரிகிறதோ, விலாவும் அப்படி இருந்தால் சரி. முஷ்டியை மடக்கி அதன் முட்டிகளைத் தடவுவதுபோல் துருத்திக்கொண்டிருந்தால் நாய் மெலிந்திருக்கிறது. உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்து, எலும்பைத் தேடவேண்டியிருந்தால் கொழுத்திருக்கிறது. ரோமம் அடர்ந்த நாயைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யவே கூடாது.

கால்நடை மருத்துவர்கள் இதை 1 முதல் 9 வரையுள்ள அளவுகோலில் குறிப்பார்கள். வேலை நாய் 4 அல்லது 5-இல் இருக்க வேண்டும். நீண்ட ஓட்டத்துக்கான நாய்கள் பெரும்பாலும் 4-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும், பக்கவாட்டில் பார்த்தால் வயிறு ஏறியிருக்க வேண்டும். இதோடு தசையையும் தனியாகப் பாருங்கள்: முதுகெலும்பின் இரு பக்கமும், தொடையிலும். விலா மறைந்திருந்து தொடை மட்டும் வற்றிக்கொண்டு வந்தால் கலோரி போதுகிறது, வேறு ஏதோ பிரச்சினை என்று அர்த்தம். அது புரதமாக இருக்கலாம், வலியாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

"வேலை செய்கிற நாய், கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தால்தான் தாங்கும்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து இறுதிவரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக ஏறக்குறைய இரண்டு வருடம் அதிகம் வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. மூட்டு போனால் வேலை நாயின் வேலையே போய்விடுகிறது.

லாப்ரடார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சுமார் கால் பங்கு லாப்ரடார்களிடம் பசியைக் கட்டுப்படுத்தும் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பரிசோதித்த உதவி நாய்களில் இது முக்கால் பங்குக்கு இருந்தது. சாப்பாட்டு ஆசை அதிகமாக இருப்பதால் பயிற்சிக்குச் சுலபமாகப் படிகின்றன, அதனாலேயே இந்த வேலைக்குத் தேர்வாகியிருக்கலாம். ஆகவே தட்டைக் காலி செய்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் லாப்ரடாரின் பார்வையைப் பசியின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் விலாவை நம்புங்கள்.

படி 3: கலோரிக் கணக்கு போடுங்கள்

இதற்குச் சாதாரணக் கால்குலேட்டர் போதும். நாயின் எடையை (கிலோவில்) மூன்று முறை எழுதிப் பெருக்குங்கள். வரும் விடைக்கு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள். அதை 70-ஆல் பெருக்குங்கள். நாய் சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்குத் தேவைப்படும் கலோரி கிடைத்துவிடும்.

25 கிலோ நாய்க்குப் போட்டுப் பார்ப்போம். 25 × 25 × 25 = 15,625. முதல் வர்க்கமூலம் 125. இரண்டாவது, சுமார் 11.18. அதை 70-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 783. இது அடிப்படை. இதை வேலைக்குத் தகுந்தபடி பெருக்க வேண்டும். கருத்தடை செய்த, வேலை இல்லாத வீட்டு நாய்க்கு 1.6 மடங்கு. இலேசான வேலைக்கு 2 மடங்கு. தினமும் சில மணி நேரம் ஓட்டமும் நடையுமாக இருந்தால் 3 மடங்கு. நாள் முழுக்க மலையேற்றம், மந்தை ஓட்டம் என்றால் 5 மடங்கோ அதற்கு மேலோ போகும். நம் 25 கிலோ நாய்க்கு, ஓய்வு நாளில் சுமார் 1,250 கலோரி, இலேசான வேலை நாளில் 1,570, நடுத்தர வேலையில் 2,350, கடும் உழைப்பில் 3,900. குளிரில் வெளியே தங்கும் நாய்க்கு இன்னும் கூடும்.

இந்த எண்கள் தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒரே எடை, ஒரே வேலை உள்ள இரண்டு நாய்களுக்கு இடையே கணிசமான வித்தியாசம் இருக்கும். படபடப்பான நாய் வண்டியில் உட்கார்ந்துகொண்டே கலோரியை எரித்துவிடும். எண்ணைப் போட்டுத் தொடங்குங்கள், இரண்டு வாரம் கழித்து விலாவைத் தொட்டுத் திருத்துங்கள்.

காவல் நாய்க்கும் வழிகாட்டி நாய்க்கும் பெரும்பாலும் 1.6-இலிருந்து 2-க்குள்தான் வரும். அதாவது அவற்றுக்குச் சாதாரணமான, நல்ல தரமுள்ள தீனியே போதும். படம் போட்ட "ஆக்டிவ்", "பெர்ஃபார்மன்ஸ்" பாக்கெட் வாங்கித் தந்தால் எடைதான் ஏறும். நான் பார்த்தவரை வேலை நாய் விஷயத்தில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்.

படி 4: பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் விளம்பரம். பின்பக்கத்தைத் திருப்பி, முதலில் தேட வேண்டியது "முழுமையான, சமச்சீரான உணவு" என்ற பொருள்படும் வாக்கியத்தை. விலங்குத் தீனிக்கு அளவு வகுக்கும் அமைப்புகளான அமெரிக்காவின் ஆஃப்கோ அல்லது ஐரோப்பாவின் ஃபெடியாஃப் வகுத்த அளவுகளை ஒட்டியதா, எந்த வயதுக்கானது என்றும் பாருங்கள். "துணை உணவு" என்றோ "இடைத்தீனி" என்றோ எழுதியிருந்தால் அதை மட்டுமே கொடுத்து வளர்க்க முடியாது. ஆஃப்கோ வளர்ந்த நாய்க்குக் குறைந்தபட்சமாக வைத்திருப்பது ஈரம் நீக்கிய கணக்கில் 18 சதவீதப் புரதமும் 5.5 சதவீதக் கொழுப்பும். அது உயிர் வாழ்வதற்கான தரை மட்டம். உழைக்கும் நாய்க்கு அதற்கு மேல் வேண்டும்.

"ஈரம் நீக்கிய கணக்கு" என்றேனே, அதைக் கவனியுங்கள். டின் உணவில் புரதம் 8 சதவீதம் என்று போட்டிருக்கும், டிரை ஃபுட்டில் 26 என்று இருக்கும். டின்னில் 78 சதவீதம் தண்ணீர். மீதி 22-இல் 8 என்றால் 36 சதவீதம். டிரை ஃபுட்டில் ஈரம் 10 போனால் மீதி 90-இல் 26, அதாவது 29 சதவீதம். பார்வைக்குக் குறைவாக இருந்ததுதான் அதிகம்.

அடுத்தது கலோரி. 100 கிராமுக்கு எத்தனை என்று அச்சிட்டிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீங்களே கணக்கிடலாம். 100-இலிருந்து புரதம், கொழுப்பு, நார், சாம்பல் (தாதுக்களைத்தான் அப்படி எழுதுவார்கள்), ஈரம் எல்லாவற்றையும் கழித்தால் மீதி மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். புரதம் 30, கொழுப்பு 20, மாவுச்சத்து 30 உள்ள தீனி என்றால் 105 + 170 + 105 = 380 கலோரி. புரதம் 22, கொழுப்பு 12, மாவுச்சத்து 45 உள்ள சாதாரணத் தீனி 336 கலோரிக்குப் பக்கத்தில் வரும்.

இப்போது நம் 25 கிலோ நாயிடம் திரும்புவோம். நடுத்தர வேலை நாளில் 2,350 கலோரி வேண்டும். சாதாரணத் தீனியில் 700 கிராம் சாப்பிட வேண்டும், கொழுப்பு கூடிய தீனியில் சுமார் 620 கிராம் போதும். கடும் உழைப்பு நாளில் 1,160 கிராமுக்கு எதிராக 1,030. வயிற்றில் இடம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? கடுமையாக உழைக்கும் நாய்க்குக் கொழுப்பு கூடிய தீனி தேவைப்படுவதற்கு இது முக்கியமான காரணம். பனிவண்டி நாயின் 10,000 கலோரியை 380 கலோரித் தீனியால் மட்டும் நிரப்பப் பார்த்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் ஆகிவிடும். அதனால்தான் அவற்றுக்கு வழியெல்லாம் கொழுப்பும் இறைச்சியும் தருகிறார்கள்.

பருப்பு, பட்டாணி வகைகளை நிறையச் சேர்த்த "தானியம் இல்லாத" தீனிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் விசாரிக்கத் தொடங்கியது. காரணம் இதுதான் என்று உறுதியாகவில்லை. ஆனாலும் தானியம் ஒத்துக்கொள்ளாத நாய் என்று மருத்துவர் சொல்லாதவரை, இதயத்தை நம்பி ஓடும் நாய்க்கு அந்தப் பக்கம் போக நான் காரணம் எதையும் பார்க்கவில்லை.

படி 5: வேலைக்கு ஏற்ற கலவை

நீண்ட நேர உழைப்புக்கு, மொத்தக் கலோரியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்தும் கால் பங்குக்குச் சற்று மேல் புரதத்திலிருந்தும் வருவது நல்லது. நடைமுறையில் பாக்கெட்டில் புரதம் 30, கொழுப்பு 20 என்றிருக்கும் வகை இதற்குப் பொருந்தும். இடைவிட்டு உழைக்கும் மோப்ப நாய், காவல்துறை நாய்களுக்குப் புரதம் 26, கொழுப்பு 15-க்கு அக்கம்பக்கம் போதும். வேக ஓட்ட நாய்க்குக் கொழுப்பை மிதமாக வைத்து மாவுச்சத்துக்கு இடம் கொடுக்க வேண்டும்.

புரதம் உழைக்கும் நாய்க்கு எரிபொருளைவிடப் பழுதுபார்க்கும் பொருளாகத்தான் முக்கியம். தசை, தசைநார், ரத்தச் சிவப்பணு எல்லாம் அதிலிருந்துதான். பனிவண்டி நாய்களில் செய்த ஆய்வுகளில் புரதம் குறைந்த உணவு சாப்பிட்டவை அதிகம் காயப்பட்டன. புரதம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம்: இறைச்சி, மீன், முட்டைப் புரதத்தை நாய் நன்றாகச் செரிக்கிறது. மலம் அளவாகவும் கெட்டியாகவும் வந்தால் செரிமானம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

கொழுப்பைக் கூட்டுவதில் அவசரம் கூடாது. கொழுப்பை எரிக்கும் இயந்திரத்தைத் தசை கட்டிக்கொள்ள ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். சீசன் தொடங்கும் வாரத்தில் திடீரென்று மாற்றினால் பேதிதான் மிச்சம். சில நாய்களுக்குக் கணையத்தில் வீக்கமே வந்துவிடும். எண்ணெய் ஊற்றிக் கூட்ட நினைப்பவர்களுக்கு: ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. அதில் புரதமும் இல்லை, தாதுவும் இல்லை. மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட விடாதீர்கள். நம் நாய்க்கு நடுத்தர வேலை நாளில் அது இரண்டு கரண்டி.

மோப்ப நாய்க்கு ஒரு தனிக் குறிப்பு. நாயால் ஒரே நேரத்தில் மூச்சிரைக்கவும் மோப்பம் பிடிக்கவும் முடியாது. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்ட நாயின் மூக்கு அந்த நேரத்தில் அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது. எடை கூடிய நாய் சீக்கிரம் இரைக்கும், சீக்கிரம் சூடாகும். ஆக, மூக்கைக் கூர்மையாக வைக்க நீங்கள் கொடுக்கக்கூடிய முதல் "மருந்து" அதன் எடையைக் கட்டுக்குள் வைப்பதுதான்.

வீட்டில் சமைத்துக் கொடுப்பவர்கள் கவனிக்க

அன்பால் செய்வது, ஆனால் மிக அதிகமாகப் பிசகும் இடமும் இதுதான். இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) சொற்பம். 100 கிராம் இறைச்சியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் என்றால் சுண்ணாம்பு 10-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். நாய்க்கு வேண்டியதோ சுண்ணாம்பு, பாஸ்பரஸுக்குச் சமமாகவோ இரண்டு மடங்குக்குள்ளோ. இறைச்சியையே தொடர்ந்து கொடுத்தால் உடல் ரத்தத்தில் உள்ள சுண்ணாம்பைச் சரிக்கட்ட எலும்பிலிருந்து உருவத் தொடங்கும். வெளியே பார்த்தால் நாய் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு நாள் குதித்து இறங்கும்போது கால் ஒடியும்.

முட்டை ஓட்டைப் பொடித்துச் சேர்க்கலாம், ஒரு தேக்கரண்டிப் பொடியில் சுமார் 2,000 மில்லிகிராம் சுண்ணாம்பு இருக்கிறது. ஆனால் துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி, ஈ என்று பட்டியல் நீளம். கண்ணளவில் இதைச் சரிக்கட்ட முடியாது. கால்நடை ஊட்டச்சத்து தெரிந்த ஒருவரிடம் உங்கள் நாயின் எடைக்கும் வேலைக்கும் ஒரு செய்முறை எழுதி வாங்கி, அதைக் கிராம் தவறாமல் பின்பற்றுங்கள். ஈரலை நல்லது என்று அள்ளிப் போடாதீர்கள், வைட்டமின் ஏ சேர்ந்துகொண்டே போகும்.

பச்சை இறைச்சி கொடுப்பவர்கள், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் நாயின் வாய், மலம், தட்டு வழியாக மனிதருக்கு வரும் என்பதை மறக்கக் கூடாது. மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் போகும் ஆறுதல் நாய்களுக்கு இதை நான் வேண்டவே வேண்டாம் என்பேன். ஆறுதல் நாய்களைப் பதிவு செய்யும் அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு பச்சை இறைச்சி சாப்பிடும் நாய்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்ற விதியே வைத்தது. வெந்த எலும்பு எந்த நாய்க்கும் கூடாது, அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, மக்கடாமியா கொட்டை, மது, சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் சேர்த்த இனிப்புகள் இவையெல்லாம் விஷம். வேலை நாய்க்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு: அது பலருடைய கையில் சாப்பிடுகிறது. கூட வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பட்டியலைச் சொல்லி வையுங்கள்.

படி 6: நேரம்

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வேலைக்கு முந்தைய நான்கு மணி நேரத்துக்குள் முழுச் சாப்பாடு கூடாது. காலையில் கடும் வேலை என்றால் பெரிய சாப்பாட்டை முந்தைய இரவே முடித்துவிடுவது மிக நல்லது. வயிறு நிறைந்த நாய் மந்தமாக ஓடும், செரிமானச் சூடும் உழைப்புச் சூடும் சேர்ந்துகொள்ளும், நடுவில் பேதியும் ஆகும். வேலை முடிந்ததும் உடனே தட்டை நீட்டாதீர்கள். இரைப்பு அடங்கி, உடல் குளிர்ந்து, ஒரு மணி நேரமாவது போகட்டும். அப்புறம்தான் அன்றைய முக்கியச் சாப்பாடு.

இந்தக் கண்டிப்புக்கு முக்கியக் காரணம் வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் கோளாறு. ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், பிளட்ஹவுண்ட், கிரேட் டேன் போன்ற ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இது அதிகம். ஒரே வேளையாக மொத்தமாகச் சாப்பிடுவதும் அவசர அவசரமாக விழுங்குவதும் ஆபத்தைக் கூட்டும். அதனால் இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள், விழுங்கும் நாய்க்கு மேடுபள்ளம் உள்ள தட்டு வையுங்கள். தட்டை உயரத்தில் வைத்தால் தப்பிக்கலாம் என்பதை நம்பாதீர்கள். வயிறு புடைத்து, நாய் நிலைகொள்ளாமல் அலைந்து, எச்சில் ஒழுக, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் இருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் வண்டியை எடுங்கள். மருத்துவரை வழியில் போனில் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

பல மணி நேரம் தொடரும் வேலையில் நடுவே சின்னச் சின்ன வாய்களாகக் கொஞ்சம் கொடுக்கலாம். மறுநாளும் அதே அளவு கடும் உழைப்பு இருக்கிறது என்றால் வேலை முடிந்த அரை மணி நேரத்துக்குள், நாயின் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் கணக்கில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது தசையின் கிளைகோஜன் சீக்கிரம் நிரம்ப உதவும். நம் நாய்க்கு 37 கிராம் போல வரும். வாரத்துக்கு இரண்டு நாள் வேலை செய்யும் நாய்க்கு இதெல்லாம் அவசியமே இல்லை.

படி 7: தண்ணீர்

எந்தச் சத்தைவிடவும் சீக்கிரம் வேலையைக் கெடுப்பது தண்ணீர்க் குறைவுதான். ஓய்வாக இருக்கும் நாய்க்கே கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி வேண்டும், 25 கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர். வெயிலில் உழைத்தால் அது பல மடங்காகும். நாய் நம்மைப்போல வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. இரைப்பில் போவது தண்ணீர், உப்பு அவ்வளவாகப் போவதில்லை. அதனால் மனிதருக்கான எலெக்ட்ரோலைட் (உப்புகள் சேர்த்த) பானம் நாய்க்கு வேண்டாம்.

வேலை மும்முரத்தில் பல நாய்கள் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு ஒரு சுலபமான வழி: டிரை ஃபுட்டை ஊறவைத்துக் கொடுப்பது, அல்லது வெங்காயமும் உப்பும் சேர்க்காமல் இறைச்சி வேகவைத்த நீரில் கொஞ்சம் தண்ணீரில் கலந்து வாசனை காட்டுவது. இடைவேளை தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஈறைத் தொட்டுப் பாருங்கள், வழுவழுவென்று இருக்க வேண்டும். விரலில் ஒட்டினாற்போல் பிசுபிசுத்தால் தண்ணீர் போதவில்லை.

படி 8: அளந்து போடுங்கள், எழுதி வையுங்கள்

ஒரு சோதனை செய்து பாருங்கள். நாய்க்குச் சாப்பாடு வைக்கும் எல்லோரையும் கூப்பிட்டு, அதே கப்பால் "வழக்கம்போல ஒரு கப்" எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வையுங்கள். நாங்கள் மூன்று பேர் செய்து பார்த்தோம். ஒருவர் தலைதட்டி எடுத்தார், ஒருவர் கோபுரமாக எடுத்தார், நான் எடுத்தது இரண்டுக்கும் நடுவில். கோபுரத்துக்கும் தலைதட்டியதற்கும் 40 கிராம் வித்தியாசம். ஒரு நாளைக்கு இரண்டு கப் என்றால் 80 கிராம், அதாவது கொழுப்பு கூடிய தீனியில் 300 கலோரி. நம் 25 கிலோ நாயின் ஓய்வு நாள் தேவையில் கால் பங்கு! அன்றிலிருந்து கப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத் தராசுதான்.

பயிற்சியில் கொடுக்கும் பரிசுத் தீனியும் கணக்கில் வர வேண்டும். மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் நிற்கட்டும். சாப்பாட்டையே பரிசாக வைத்துப் பயிற்சி தரும் மோப்ப நாய் என்றால், காலையில் அன்றைய டிரை ஃபுட்டை நிறுத்து எடுத்துக்கொண்டு அதிலிருந்தே பையில் போட்டுக்கொள்ளுங்கள். பை காலியான பிறகு மீதி தட்டுக்குப் போகும்.

தீனியை மாற்றும்போது ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கால் பங்கு புதியது, அப்புறம் பாதி, முக்கால், முழுவதும். மலம் இளகினால் அந்தப் படியிலேயே இரண்டு நாள் நில்லுங்கள். வேலை நெருக்கடியான வாரத்தில் மாற்றமே வேண்டாம்.

நோட்டில் வாரம் ஒரு முறை எடை, விலாவின் மதிப்பெண், வேலை நிமிடங்கள், வெயில் எப்படி, மலம் எப்படி. அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ ஒரு தடவைக்குப் பத்து சதவீதம்தான், அப்புறம் இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். சீசன் முடிந்து ஓய்வு வரும்போது அதே வாரத்திலேயே அளவைக் குறையுங்கள். பெரும்பாலான வேலை நாய்கள் கொழுப்பது இந்த இடைவெளியில்தான். மாறாக, ஒரு நாள் லீவு என்பதற்காக அளவைக் குறைக்கத் தேவையில்லை.

குட்டியும் முதியதும்

வருங்கால வேலை நாய் என்று பெரிய இனக் குட்டியைக் கொழுகொழுவென்று வளர்க்காதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்கான தீனியை அளவாகக் கொடுத்து, மெலிவான உடம்போடு மெதுவாக வளர விடுங்கள். தனியாகச் சுண்ணாம்பு மாத்திரை, பொடி எதுவும் வேண்டாம். குட்டியின் குடலால் வேண்டாத சுண்ணாம்பைத் தடுத்து நிறுத்த முடியாது, அது எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கிவிடும்.

ஓய்வு பெற்ற நாய்க்கு நேர் எதிர்ப் பிரச்சினை. வேலை நின்றுவிட்டது, சாப்பாட்டு நேரம் மட்டும் அதற்கு மறக்கவில்லை. கலோரியைக் குறையுங்கள், புரதத்தைக் குறைக்காதீர்கள். வயதாக ஆகத் தசை தானாகவே கரைகிறது, சிறுநீரகக் கோளாறு என்று மருத்துவர் சொல்லாதவரை புரதத்தைக் குறைக்கக் காரணம் இல்லை. என் பழைய நாய் ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பையை எடுக்கும் சத்தம் கேட்டால் எழுந்து வந்து பக்கத்தில் நின்றுவிடும். அதற்காக அன்றைய அளவிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து வீட்டுக்குள்ளேயே நான்கைந்து இடத்தில் ஒளித்து வைப்பேன். மூக்கைத் தரையில் வைத்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சாப்பிட்டுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு போய்ப் படுத்துக்கொள்ளும். மீதி தட்டில், நிறுத்துப் பார்த்தபடி.